வாசகர் கேள்வி – பதில்: ஒரே மாடல், இரண்டு வளைகோடு

கேள்வி: பெங்களூரா மாங்காய் பழுக்கையில் எத்திலீன் எப்படி ஏறுகிறது என்று ஐந்து சமன்பாடுகளில் மாடல் போட்டிருக்கிறேன். என் கணினியில் கோபாசி மென்பொருளில் சரியாக ஓடுகிறது. சமன்பாடுகளைப் பிடிஎஃப்பாக வாங்கிய தர்மபுரித் தோழிக்கு வளைகோடு வேறு மாதிரி வருகிறது. உயிரியல் மாடல்களைப் பல மென்பொருள்களும் படிக்கும்படி எழுதும் பொது வடிவமான எஸ்பிஎம்எல் கோப்பாகக் கொடு என்கிறார் வழிகாட்டி. அது போதுமா?
– முதுகலை மாணவி, காவேரிப்பட்டினம்

பதில்: போதாது. ஆனால் தொடங்க வேண்டியது அங்கேதான். தோழிமேல் தவறில்லை: 2021-இல் வந்த ஓர் ஆய்வில், பிரசுரமான 455 மாடல்களில் ஏறக்குறைய பாதி, கட்டுரையில் இருந்த தகவலை மட்டும் வைத்து ஓட்டியபோது அதே முடிவைத் தரவில்லை. மாறிலியோ தொடக்கச் செறிவோ விடுபட்டது முக்கியக் காரணங்களில் ஒன்று.

முதலில் நேர அலகைப் பாருங்கள். நீங்கள் மணியில் எழுதிய வேக மாறிலியை அவர் வினாடியாக எடுத்திருந்தால் 3600 மடங்கு பிசகும். அடுத்தது பலரும் சறுக்கும் இடம். எஸ்பிஎம்எல்லில் வினையின் வேகம் 'நேரத்துக்கு இத்தனை மோல்' என்றிருக்க வேண்டும். நாம் எழுதுவதோ செறிவு மாறும் வேகம். கோப்பைக் கையால் எழுதினால் அந்த வேகத்தைக் கலத்தின், அதாவது மாடலில் வினை நடக்கும் இடத்தின், கன அளவால் பெருக்குங்கள். கன அளவு 1 என்றிருக்கும்வரை இந்தப் பிழை கண்ணில் படாது. அதனால் 2 என்று மாற்றி, அதே தொடக்கச் செறிவுகளோடு ஓட்டுங்கள். ஒரே கலம் உள்ள மாடலில் செறிவுக் கோடு அசையக் கூடாது. எஸ்பிஎம்எல்லின் மூன்றாம் நிலைப் பதிப்பு, அலகு எதையும் தானாக ஊகிக்காது. எல்லாவற்றையும் நீங்களே அறிவிக்க வேண்டும்.

பிறகு பெயர்கள். 'எக்ஸ்1' என்று எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது. மாடலோடு என்னென்ன குறிப்புகள் இருக்க வேண்டும் என்று சொல்லும், 2005-இல் வந்த மிரியம் விதிகள் கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு பொருளுக்கும் பொதுத் தரவுத்தள அடையாள எண், மாடலை விவரிக்கும் கட்டுரை, உருவாக்கியவர் பெயர், தேதி. எத்திலீனுக்கு, செபி என்ற வேதிப்பொருள் தரவுத்தளத்தின் எண் 18153. நொதிகளுக்கு, யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் எண். சலிப்பான வேலைதான், ஆனால் மாடல் போடும்போதே செய்தால் அரை நாளில் முடியும்.

எஸ்பிஎம்எல் மாடலை மட்டுமே சொல்லும். எத்தனை மணி நேரம் ஓட்டுவது, எந்த முறையில் கணக்கிடுவது, எதை வரைவது என்பதெல்லாம் செட்எம்எல் கோப்பில் போகும். இரண்டையும் ஓமெக்ஸ் தொகுப்பாக்கி அனுப்புங்கள். அது உள்ளடக்கப் பட்டியலோடு வரும் சிப் கோப்புதான். தோழி அதைக் கோபாசியில் திறக்காமல், டெல்லூரியம் போன்ற வேறொரு மென்பொருளில் திறக்கட்டும். அங்கும் அதே படம் வந்தால்தான் நம்பலாம்.

கேள்வி: கட்டுரை வருமுன் மாடலை, மாடல்களைச் சேமித்துப் பகிரும் பயோமாடல்ஸ் தளத்தில் போட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்களா?
– ஆய்வு மாணவர், பென்னாகரம்

பதில்: கட்டுரை வெளியாகும்வரை மறைத்தே வைக்கலாம். 'மாடல்' என்று தொடங்கும் எண் கிடைக்கும்; அதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். வெளியானபின், பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கும் சிசி0 உரிமத்தில் யாரும் எடுத்தாளலாம் என்பதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.