ஆக்ஸிலில் மோர்!

கேள்வி: 1989 மாடல் டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். வயலுக்குப் போக வாய்க்காலில் இறக்கி ஏற்றுவேன். பின் ஆக்ஸில் ஆயில் மோர் மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்? பெரிய டயரும் போட ஆசை.
- வாசகர், மன்னார்குடி

பதில்: தண்ணீர் கலந்தால்தான் கியர் ஆயில் இப்படி வெளுக்கும். எல்லோரும் முதலில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் இரண்டு தடவை மாற்றிக் காசை விட்டேன். அப்புறம்தான் ஆக்ஸில் தலையில் இருக்கும், உள்ளே காற்று போய்வர வழிவிடும் பிரீத்தர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குடமுருட்டி ஆற்று வண்டல் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது!

ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீத்தர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மூடிக்குப் பதில் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சிறு குழாய்முனை) வைத்து, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸை சேஸிஸ் (அடிச்சட்டம்) ஓரமாகத் தண்ணீர் எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது இழுபடாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். பழைய ஆயிலை முழுக்க வடித்து, நிரப்பும் துளையின் விளிம்பு வரை புது ஆயில் ஊற்றுங்கள். ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்வதற்குள் முடித்துவிடுங்கள்.

பெரிய டயரா? வேண்டாம் சார். ஸ்டியரிங் கனக்கும், ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். சேற்றுக்கு அதே அளவில் ஆழமான பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர் கட்டைகள்) உள்ள டயரே போதும்.