எண்பது வயதில் ஊர்ப் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல வருடம் ஒதுங்கியிருந்த மூத்த பாடகர்கள் திடீரென்று சொந்த ஊர்ப் பாட்டுகளோடு ஆல்பம் போடுகிறார்கள். பழைய நினைவுக்காக இல்லாமல், பாட்டுக்காகவே கேட்கக்கூடியது ஏதாவது உண்டா? எந்த மொழியானாலும் சரி. (வாசகர், தஞ்சாவூர்)

உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர் ரொபெர்ட்டோ முரோலோ 1992-ல், எண்பது வயதில் வெளியிட்ட ‘ஒட்டான்டவோல்யா டி கான்டாரே’.

நேப்பிள்ஸ் பாட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கரூஸோ மாதிரி ஓபரா பாடகர்கள் அரங்கம் அதிரப் பாடி உலகமெல்லாம் கொண்டுபோன பாணிதான். முரோலோ இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியபின் அதே பாட்டுகளை எடுத்து, ஒரு கிதாரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்திப் பாடினார். அப்பா எர்னெஸ்டோ முரோலோ அந்த ஊர்ப் பாட்டுகள் பலவற்றை எழுதிய கவிஞர், அதனாலோ என்னவோ, ஒரு சொல்கூடத் தேயாமல் காதில் விழும். அறுபதுகளில், பல நூற்றாண்டுப் பழைய பாட்டில் தொடங்கித் தன் காலம் வரை, ஊரின் பாட்டுகளைக் கால வரிசைப்படி 12 இசைத்தட்டுகளில் பதிவு செய்தார், இது ஒரு தனிமனிதர் செய்த மாபெரும் வேலை. அப்புறம் எழுபதுகளின் நடுவிலிருந்து நீண்ட இடைவெளி, 1990-ல்தான் மறுபடி ரெக்கார்டிங்குக்கு வந்தார்.

இத்தனை பழைய பாட்டுகள் கைவசம் இருந்தும், அவற்றையே இன்னொரு முறை பாடிவிட்டு ஓய்ந்துவிடவில்லை அவர். தன்னைவிட நாற்பது வயதுக்கு மேல் இளையவரான நேப்பிள்ஸ்காரர் என்ஸோ கிரான்யனியெல்லோ எழுதிய ‘கு மே’ என்ற புதுப் பாட்டை இந்த 1992 ஆல்பத்தில் இத்தாலியப் பாடகி மியா மார்ட்டினியோடு சேர்ந்து பாடினார், இன்று அந்த ஊரின் பழைய பாட்டுகளோடு பாட்டாக அதுவும் நிற்கிறது. ஊர்ப் பாட்டு என்பது எப்போதோ முடிந்துபோன சரக்கு இல்லை, இன்னும் எழுதப்படுகிறது என்று ஒரு எண்பது வயதுக்காரர் காட்டினாரே, அதுதான் எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பெரிய விஷயம்.

கேள்வி: அந்த வயதில் குரல் நடுங்காதா? (வாசகி, நாகர்கோவில்)

உச்ச ஸ்தாயியை நம்பிப் பாடியவர்களுக்குத்தான் வயது எதிரி. முரோலோ எப்போதுமே தாழ்ந்த குரலில், சொல்லை நம்பிப் பாடியவர், அதனால் அவர் இழந்தது மிகக் குறைவு. ‘கு மே’யில் மார்ட்டினியின் குரல் பொங்கி எழும்போது இவர் அவசரப்படாமல் தன் வரியைச் சொல்வதைக் கவனியுங்கள். அதே ஆல்பத்தில் இத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பாடகர் ஃபாப்ரிட்சியோ டி ஆந்த்ரேயோடு பாடிய ‘டான் ரஃபாயே’ முற்றிலும் வேறு குணம்: சிறைக் காவலர் ஒருவர், உள்ளே இருக்கும் தாதாவிடமே யோசனை கேட்கிற கதை. இந்த இரண்டையும் கேட்டபிறகு அறுபதுகளின் இசைத்தட்டுகளுக்குப் போங்கள், அந்த வரிசையில் கேட்டால் சுலபமாக உள்ளே போய்விடலாம். 2003-ல் இறப்பதற்கு முந்தைய வருடம், தொண்ணூறு வயதில்கூட அவர் இன்னொரு ஆல்பம் வெளியிட்டார்.