எழுத எழுத மனசு கனக்கிறதே?

கேள்வி: அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்வார். அன்று ஆபீஸில் ஆடிட். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று எடுக்கவில்லை. அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். தூக்கம் வராமல் தவித்தபோது, டைரி எழுதிப் பார் என்றாள் தோழி. படுக்கப் போகும்முன் எழுதுகிறேன்; அழுகைதான் கூடுகிறது. வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. நிறுத்திவிடட்டுமா? ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. எழுதுகிற விதத்தையும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள்.

அழுகை வருவதைக் கண்டு பயப்படாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதவைத்தார். மனதை வாட்டிய சம்பவத்தை உணர்வோடு சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு மற்றவர்களைவிடச் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைவு. பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இந்தப் பலன் கிடைக்கவில்லை. நெருங்கியவரை இழந்த துக்கம் எழுதுவதால் சீக்கிரம் ஆறிவிடும் என்றும் சொல்ல முடியாது. அம்மா இல்லாத வலி அதன் போக்கில்தான் ஆறும். நோட்டிடம் அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது துக்கம் மட்டும் இல்லையே. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 'ஏன் எடுக்கவில்லை' என்ற வரி மேலிருந்து கீழ்வரை வருகிறது. ஓர் இடத்தில் பேனா அழுந்திக் காகிதமே கிழிந்திருக்கிறது. அந்த நாளைப் பற்றி வேறு எதுவும் அதில் இல்லை. இப்படி ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி எழுதினால் புண் ஆறாது. நடந்ததைக் கோவையாகச் சொல்லி, எதனால் அப்படி நடந்தது என்று யோசித்துக்கொண்டே எழுதியவர்களுக்குத்தான் பலன் அதிகம் என்று பென்னிபேக்கரே பிறகு கவனித்திருக்கிறார்.

அதனால் அன்றைய நாளைக் காலையிலிருந்து எழுதுங்கள். போன் வந்தபோது எதிரில் யார் இருந்தார்கள், மேஜையில் என்ன ஃபைல், மனதில் என்ன ஓடியது என்று எல்லாமும். ஆறு மணிப் போனை விட்டுவிட்டு எட்டு மணிக்குத் திருப்பிக் கூப்பிட்ட நாட்கள் முன்பும் இருந்திருக்குமே, அவற்றையும் எழுதுங்கள். அப்போதெல்லாம் அம்மா என்ன சொல்வார்? கோபித்துக்கொள்வாரா, 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுவிட்டு வைத்துவிடுவாரா? 'நான்' என்று எழுத முடியாவிட்டால் 'அவள்' என்று எழுதுங்கள். அதே தவிப்போடு ஒரு தோழி வந்தால் அவளிடம் இத்தனை கடுமையாகவா பேசுவீர்கள்?

படுக்கையில் வைத்து எழுதவே எழுதாதீர்கள். கிளறிவிட்ட மனசோடு விளக்கை அணைத்தால் எப்படித் தூக்கம் வரும்? ஆபீஸ் விட்டு வந்ததும் கால் மணி நேரம் போதும். எழுதி முடித்ததும் எழுந்து டீ போடுங்கள், துணி மடியுங்கள். நான்கைந்து நாள் எழுதிவிட்டு இடைவெளி விடுங்கள். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் பாதி வரியிலேயே பேனாவை வைத்துவிடலாம்.

யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் உண்மையை எழுதவே கை வராது. டைரியை விட்டுவிட்டு உதிரித் தாளில் எழுதி, அன்றைக்கே கிழித்துப் போடுங்கள். பத்திரப்படுத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இலக்கணம் பார்க்காமல், அம்மாவிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் வராமலோ, சாப்பாடு இறங்காமலோ இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்காமல் உடனே 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.