கறி இல்லாததெல்லாம் சைவம் இல்லை, தம்பி

தம்பி, ஏப்ரலில் டோக்கியோ வருகிறீர்கள், நீங்கள் முட்டைகூடத் தொடாத சைவம், வீட்டில் அவர்கள் இரண்டு வருஷமாகப் பாலையும் விட்டு வீகன், மேப்பில் தேடினால் வீகன் கடை கொத்துக் கொத்தாகக் காட்டுகிறது, வெளியில் சாப்பிட்டே ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வரி, வீடு, மனைவிக்கு வேலை, மிக்ஸி என்று ஒரு பட்டியல். வரியை உங்கள் கம்பெனியில் கேளுங்கள். வேலைக்கு ஜப்பானிய மொழி வேண்டும், அவ்வளவுதான். மிக்ஸி வேண்டாம், இங்கே 100 வோல்ட், நம்மூர் மிக்ஸி முனகுமே தவிர அரைக்காது. குக்கர் கொண்டுவாருங்கள், ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பு உள்ள வீடாக அமைந்தால் அலுமினியக் குக்கர் சூடேறாது, ஸ்டீலில் பார்த்து வாங்குங்கள். சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். அதில்தான் நான் அடிபட்டவன்.

நான் வந்தது 2004இல், தென்காசிப் பக்கத்திலிருந்து. கிளம்பும்போது எதிர்வீட்டு ஆச்சி, "புத்தர் நாடுல்லா, அங்க எல்லாம் சைவமாத்தான் இருக்கும், பயப்படாம போ" என்று திருநீறு பூசி அனுப்பினாள். ஆச்சி சொன்னதில் கால்வாசி உண்மை. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இதையெல்லாம் தின்னக்கூடாது என்று ஆணை போட்டார், அதுவும் வருஷத்தில் பாதி மாதங்களுக்கு. அதன் பிறகு பல நூறு வருஷம் மாட்டுக்கறி என்றாலே இங்கே முகம் சுளிப்புதான், 1872இல் மெய்ஜி பேரரசரே சாப்பிட்டுக் காட்டித்தான் அந்தக் கூச்சம் போனது. ஆனால் ஆணையில் மீன் இருந்ததா பாருங்கள். இல்லை. இந்த ஊர் ஒருநாளும் மீனை விட்டதே இல்லை.

இது தெரியாமல் நான் வந்து இறங்கினேன். ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் உடோன் கடை ஒன்று. கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று தடித்த நூடுல்ஸ், மேலே நறுக்கிய வெங்காயத்தாள், கருத்த சாறு. கறித்துண்டு ஒன்றுகூட இல்லை. மிஷினில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். குளிருக்கு அந்தச் சாறு ரசம் மாதிரி தொண்டையில் இறங்கும். எட்டு மாதம், தம்பி. வாரத்துக்கு நான்கு நாள். கடைசிச் சொட்டுவரை குடிப்பேன். அம்மாவிடம் போனில், "நமக்குன்னே ஒரு கடை கிடைச்சிருக்கு" என்று பெருமையடித்தேன்.

எங்கள் குழுவில் இருந்த ஒரு பெரியவர் விடுமுறைக்குக் கொச்சிக்குப் போய்வந்தார் (நம் கொச்சி இல்லை, ஷிகோகு தீவில் உள்ள கொச்சி). வரும்போது ஒரு கட்டை கொண்டுவந்தார். உண்மையாகவே கட்டைதான் என்று நினைத்தேன், கருங்காலி மாதிரி, தட்டினால் டொக்கென்றது. மரப்பெட்டியின் மேல் இழைப்புளி வைத்த மாதிரி ஒரு சாமான், அதில் அவர் அந்தக் கட்டையைத் தேய்க்கத் தேய்க்க உள்ளே மெல்லிய சீவலாக விழுந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. என் உடோன் கடை வாசனை. கட்சுவோபுஷி என்றார், சூரை இனத்து மீனை வேகவைத்து, புகைபோட்டு, மாதக்கணக்கில் காயவைத்த கருவாடு. "உடோன், சோபா நூடுல்ஸ், மிசோ சூப், எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம், ருசியாக இருக்கிறதல்லவா?" என்று அவர் சந்தோஷமாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். என்ன சொல்வது?

அந்தச் சாற்றுக்குப் பெயர் தாஷி. வேறெதை மறந்தாலும் இந்தச் சொல்லை மறக்காதீர்கள். இங்கே அசைவம் தட்டில் இருக்காது, தண்ணீரில் இருக்கும். கத்தரிக்காய் வதக்கல், கீரை, இனிப்பான டோஃபு (சோயாப்பால் கட்டி) பைக்குள் சோறு வைத்த இனாரி, குளிர்ந்த சோபாவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சாலட் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங், எல்லாவற்றிலும் அது புகுந்திருக்கும். கடையில் "நிகு நாஷி", அதாவது கறி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் பேக்கன் போட்டுக் கொண்டுவருவார்கள், ஏனென்றால் பலருக்கு அது கறிக் கணக்கிலேயே வராது. "நிகு மோ சகானா மோ தாபெமாசென், கட்சுவோ தாஷி மோ தமே தெஸ்" என்று முழுசாகச் சொல்லுங்கள். கறியும் மீனும் சாப்பிட மாட்டேன், கட்சுவோ சாறும் ஆகாது என்று பொருள். இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கடையாக இருந்தால் உள்ளே போய்ச் சாஸ் பாக்கெட்டையே எடுத்துவந்து நம் முன்னால் படித்துப் பார்ப்பார்கள். "கொஞ்சம் கஷ்டம்" என்று தலையைச் சாய்த்தால் முடியாது என்று அர்த்தம், கெஞ்சாதீர்கள். தப்பாகச் செய்து தருவதைவிட இல்லை என்று அனுப்பிவிடுவது அவர்கள் மரியாதை. முதல் வருஷம் எனக்கு அது அவமானமாக இருந்தது.

சூப்பர் மார்க்கெட்டில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பாக்கெட்டில் ஒவ்வாமைக் கட்டம் ஒன்று போட்டிருக்கும். பால், முட்டை, இறால், நண்டு எல்லாம் கட்டாயம் அச்சடிக்க வேண்டும். கட்சுவோ அந்தப் பட்டியலிலேயே கிடையாது. கட்டத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்தீர்கள், முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும். "எகிசு" என்ற மூன்றெழுத்தைக் கண்டால் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள், கோழியா, பன்றியா, மீனா என்று அங்கே தெரியும். பெட்டியில் கட்டியாக வரும் குழம்பு மசாலாவில் (கறி ரூ என்பார்கள்) மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சாதாரணமாக இருக்கும். பழம் போட்ட தயிரில் ஜெலட்டின் கலப்பார்கள். வெறும் தயிர் பரவாயில்லை, அதில் மோர்க்குழம்பே வைக்கலாம். இதையெல்லாம் படிக்கக் கதகானா என்ற ஜப்பானிய எழுத்து கட்டாயம் வேண்டும், இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

இப்போது உங்கள் மேப் விஷயம். இந்த ஊரில் வீகனுக்கு இருக்கிற வசதி வெறும் சைவத்துக்கு இல்லை. பல கடைகளில் "வெஜிடேரியன்" என்றால் காய்கறி பிடித்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். "வீகன்" என்று வாசலில் போட்ட கடையில் தாஷிகூடக் கொம்பு என்ற கடல்பாசியிலும் ஷீதாகே காளானிலும்தான் எடுப்பார்கள். ஆகவே வெளியில் சாப்பிடும்போது மனைவி பின்னால் போங்கள். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே, டிக்கெட் கேட்டைத் தாண்டி, டீஸ் தன்தன் என்று ஒரு வீகன் ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை இருக்கிறது, எள் அரைத்து ஊற்றிய சாறு, காரமும் உண்டு. கின்சாவில் நடராஜ், ஒகாச்சிமாச்சியில் நிலவறையில் வெஜ் ஹெர்ப் சாகா, இரண்டும் இந்தியச் சைவம், சாகாவில் தோசை கிடைக்கும். ஆனால் கொத்துக் கொத்தாகக் காட்டுகிறதே என்று மயங்காதீர்கள். பத்து நாற்காலி போட்ட குட்டிக் கடைகள்தான் அதிகம், மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைப்பார்கள், நினைத்த கிழமையில் விடுமுறை, போன மாதம் இருந்தது இந்த மாதம் இருக்காது. "வீகன் ஆப்ஷன்" என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் கீரைத்தட்டாக இருக்கலாம். தினமும் இதில் ஓட்ட முடியாது, சமைக்கத்தான் வேண்டும்.

மூலைக்கு மூலை இந்தியக் கொடி கட்டிய, நான் ரொட்டியும் குழம்பும் விற்கிற கடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் நேபாளத்துக்காரர்கள் நடத்துவது. உழைப்பாளிகள், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அந்த யானைக்காது நான் இனிக்கும், மாவில் முட்டையோ பாலோ இருக்கும். ஒரு கடையில் வெஜ் குழம்பில் கோழி எலும்பு கிடந்தது. கேட்டால், "கிரேவி ஒன்றுதான் சார், பீஸ் போடவில்லையே" என்றார்.

நோமிகாய் என்று ஆபீஸ் ஆட்கள் கூடிக் குடிக்கும் விருந்து ஒன்று உண்டு, அதற்குத் தயாராக வாருங்கள். ஆளுக்கு 4000, 5000 யென் சமமாகப் பிரிப்பார்கள். நீங்கள் தின்றது எதமாமே (அவித்த பச்சைச் சோயா) நாலு காய், உருளைக்கிழங்கு வறுவல், வெள்ளரிக்காய். உட்கார்ந்ததுமே கேட்காமல் ஒரு குட்டிக் கிண்ணம் வைத்து அதற்கும் 300, 400 பில்லில் ஏறும், பெரும்பாலும் அதில் மீன்தான். டோஃபு கேட்டால் அதன் மேலும் கட்சுவோச் சீவல் தூவி வரும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆனாலும் போங்கள். போகாதவனை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வீடு எங்கே பார்ப்பது என்றால் எல்லோரும் நிஷிகசாய் என்பார்கள், டோக்கியோவில் நம்மவர்கள் கூடியிருக்கும் இடம். யுஆர் என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளில் கீ மணி (வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் திரும்ப வராத பணம்) இல்லை, ஜாமீன் ஆள் தேட வேண்டாம், மளிகைச் சாமான் கிடைக்கும், முதல் வருஷம் அங்கேயே இருங்கள். அதற்கு மேல் யோசியுங்கள். பத்து வருஷம் அங்கேயே இருந்து, கதகானா ஒரு எழுத்து தெரியாமல், ஒரு இட்லிக்கு இரண்டு ரயில் மாறிப்போகிற ஆட்களை எனக்குத் தெரியும். வந்த மூன்றாம் மாதமே சூஷிக்கு மாறிவிட்டு, வருகிறவனுக்கெல்லாம் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ ப்ரோ" என்று பாடம் எடுக்கிறவர்களும் உண்டு. மாறுவது அவரவர் இஷ்டம், அடுத்தவன் வாயை ஏன் மாற்ற வேண்டும்? நான் சுத்தபத்தம் பார்க்கிறவன் என்று மார் தட்டவில்லை, பொரித்த எண்ணெய் பொது எண்ணெயா என்று நான் கேட்பதில்லை. ஆனால் கொம்பில் சாறு எடுத்து நானே உடோன் செய்வேன். நத்தோவை (புளிக்கவைத்த சோயா) சோற்றில் பிசைந்து ஊறுகாயோடு சாப்பிடுவேன் (அதோடு வரும் சாஸ் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதிலும் கட்சுவோ).

அம்மா ஒருமுறை வந்திருந்தாள், 2013 என்று நினைவு. டோக்கியோ ஸ்டேஷன் ராமென் சாப்பிட வைத்தேன். "மல்லித்தழை போட்டிருக்கலாம்" என்பதோடு சரி. திரும்பும் வழியில் ரயில் மாறினோம், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு சாப்பிடும் உடோன் கடை, ஆவி பறக்கிறது. அம்மா நின்றுவிட்டாள். "என்னடா இது, இவ்வளவு நல்ல வாசனையா இருக்கு, இங்க சாப்பிட்டிருக்கலாமே, நீ போன்ல சொன்ன கடை இதுதானா?" என்றாள். "அது வேற கடைம்மா, மூடிட்டான்" என்று சொல்லி, வராத ரயிலுக்கு அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.