வாசகர் கேள்வி – பதில்: மேகத்துக்குள் எதிரே வரும் விமானம்

கேள்வி: சென்ற மார்கழியில் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டபோது, விமானம் மேலெழுந்த சிறிது நேரத்திலேயே மேகம் சூழ்ந்து, இறக்கையின் நுனிகூடத் தெரியாமற் போயிற்று. அந்த வேளையில் எதிரே இன்னொரு விமானம் வந்தால் விமானிகள் அதை எவ்வாறு அறிந்து விலகுவார்கள்? ராடார் இருப்பதால் பயமில்லை என்று அருகில் இருந்தவர் சொன்னார். அது சரிதானா?
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: விமானத்தின் மூக்குப் பகுதியில் உள்ள ராடார் மழை மேகங்களைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டது, எதிரே வரும் விமானத்தைக் கண்டறிய விமானிகள் அதை நம்புவதில்லை. மேகத்துக்குள் விமானங்களைப் பிரித்து வைப்பது முதலில் தரையில் இருக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. அந்த ஏற்பாடு எங்காவது பிசகினால் கைகொடுப்பதற்கே, விமானிகள் ‘டீகாஸ்’ என்று அழைக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி பொருத்தப்பட்டுள்ளது.

இக்கருவி ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை வானொலி அலையில் சுற்றிலும் ஒரு வினாவை அனுப்பும். அருகில் பறக்கும் விமானத்தின் ட்ரான்ஸ்பொண்டர், அதாவது வினாவுக்குத் தானாகப் பதில் அனுப்பும் வானொலிப் பெட்டி, அந்த விமானத்தின் உயரத்தைச் சொல்லிப் பதில் தரும். பதில் வந்துசேர எடுக்கும் நேரத்திலிருந்து தூரத்தையும், அத்தூரம் குறைந்துவரும் வேகத்திலிருந்து இன்னும் எத்தனை விநாடி மிச்சம் என்பதையும் கருவி கணித்துக்கொண்டே இருக்கும். நேரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்களுக்கு, திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வரையுள்ள இடைவெளி ஏறத்தாழ அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். 20,000 அடிக்கு மேலே பறக்கையில், சுமார் 48 விநாடி இருக்கும்போது திரையில் அந்த விமானத்தின் குறி மஞ்சள் வட்டமாகி, “ட்ரஃபிக், ட்ரஃபிக்” என்ற குரல் எழும். 35 விநாடி அளவில் வட்டம் சிவப்புச் சதுரமாகும். “கிளைம்ப்” என்று ஏறவோ, “டிஸெண்ட்” என்று இறங்கவோ கட்டளை வரும். விமானி 5 விநாடிக்குள் அதன்படி இயங்க வேண்டும். பெரும்பாலான விமானங்களில் அவர் தன்னியக்க ஓட்டியைத் துண்டித்து, ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் காட்டும் மானியில் பச்சை நிறம் விழும் அளவுக்கு, பொதுவாக நிமிடத்துக்கு 1,500 அடி வீதத்தில், கையால் ஓட்டுவார். இடமோ வலமோ திரும்பும்படி கருவி சொல்வதில்லை; அதன் அன்டெனா திசையை அந்த அளவு துல்லியமாக அளப்பதில்லை.

இரண்டு விமானங்களிலும் கருவி இருந்தால், அவை தமக்குள் பேசி ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும். இரண்டும் ஒரே கணத்தில் ஒரே திசையைத் தெரிவு செய்துவிட்டாலோ, ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய அடையாள எண்ணை ஒப்பிட்டு, பெரிய எண்ணுடைய விமானத்தின் கருவி தன் முடிவை மாற்றிக்கொள்ளும்.

1996 நவம்பர் 12 அன்று டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டபோது இரண்டிலும் இக்கருவி இல்லை. 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டிருந்தது. அதன் பின்னரே இந்தியா இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் கருவி இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 2002 ஜூலை 1 இரவு, ஜேர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே வந்த ரஷ்ய டுப்பொலெவ் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். கருவி ஏறச் சொன்னது. விமானிகள் மனிதக் குரலுக்குக் கீழ்ப்படிந்து இறங்கினார்கள். குறுக்கே வந்த சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி தானும் இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். கட்டுப்பாட்டாளரும் கருவியும் முரண்பட்டால் கருவியையே பின்பற்ற வேண்டும் என்ற விதி, இன்று எவ்வித ஐயத்துக்கும் இடமின்றி உலகெங்கும் எழுதப்பட்டிருக்கிறது. கருவியின் கட்டளைப்படி இயங்குவதாக விமானி அறிவித்த பின், “கிளியர் ஒஃப் கொன்ஃப்லிக்ட்”, அதாவது ஆபத்து விலகிவிட்டது என்று கருவி சொல்லி, அதை அவர் தெரிவிக்கும் வரை, கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்றக் கூடாது. கருவியைவிட இந்த ஒழுங்கே பெரிய பாதுகாப்பு என்று நான் நம்புகிறேன்.

கட்டளை பிறக்கும் முன்னரே விழிப்பு உதவுவதும் உண்டு. 2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானம் துருக்கி வான்பரப்பில் 33,000 அடியில் பறந்தபோது, 35,000 அடிக்கு ஏறுமாறு பணிக்கப்பட்டது. அந்த உயரத்தில் இன்னொரு விமானம் இருப்பதை விமானிகள் அறிந்து, ஏறாமல் நின்று, அதைக் கட்டுப்பாட்டாளருக்கு எடுத்துச் சொன்னதாக அந்நிறுவனம் அறிவித்தது. அவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் சீனக்குடாவில் இறங்கும் சிறிய விமானங்களிலும் இக்கருவி இருக்குமா?
– வாசகர் ஒருவர், கிண்ணியா

பதில்: 5,700 கிலோவுக்கு மேற்பட்ட எடையோ 19 பேருக்கு மேற்பட்ட பயணிகளோ கொண்ட டர்பைன் விமானங்களுக்கே சர்வதேச விதி இதைக் கட்டாயமாக்குகிறது. ஆயினும் சிறிய விமானத்தில் உயரத்தை அறிவிக்கும் ட்ரான்ஸ்பொண்டர் இருந்தால், பெரிய விமானத்தின் கருவி அதைக் கண்டு, விலகும்படி தன் விமானிக்குக் கட்டளை தரும். உயரத்தை அறிவிக்காத ட்ரான்ஸ்பொண்டராயின் எச்சரிக்கை மட்டுமே கிடைக்கும். ஏறு, இறங்கு என்ற கட்டளை வராது. ட்ரான்ஸ்பொண்டரே இல்லாத விமானமோ இக்கருவிக்குத் தென்படவே மாட்டாது. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி செல்லும் சிறிய விமானங்கள், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கொட்டியாரக்குடாவுக்கு மேலே திரளும் மேகங்களுக்குள் நுழையக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.