வாளும் மந்திரவாதியும் வரையும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

நீங்கள் அனுப்பிய நாற்பது படங்களையும் பார்த்தேன், அம்மா. உங்கள் மகளுக்குக் கை நன்றாக ஓடுகிறது. ஆனால் "அவள் ஆடும் விளையாட்டுக்குப் படம் வரைவதை நம்பிப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கைத்திறனை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

அவள் ஆடுவதைக் கம்ப்யூட்டர் கேம் என்று நினைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் 'ரோல்-பிளேயிங்' விளையாட்டு இது. 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. திரை கிடையாது, எல்லாம் சொல்லில் நடக்கிறது. அந்த உலகம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குக் காட்ட விதிநூலில் அச்சான படங்கள்தான் இருக்கின்றன. அதனால்தான் பதிப்பாளர்கள் ஓவியத்துக்குச் செலவு செய்கிறார்கள்.

1980களில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் லாரி எல்மோர், ஜெஃப் ஈஸ்லி போன்ற ஓவியர்களைச் சம்பளத்துக்கே வைத்திருந்தது. இன்று அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ்தான்: கால் பக்கம், அரைப் பக்கம், முழுப் பக்கம், அட்டை என்று படத்துக்குப் படம் கூலி. வேலை வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலை எப்படி வரும் தெரியுமா? பதிப்பாளரிடம் படங்களுக்குப் பொறுப்பான ஆர்ட் டைரக்டரிடமிருந்து நாலு வரிக் குறிப்பு வரும். "நடுவயதுப் பெண், குள்ளர் இனம், கொல்லர். இடது கையில் தீக்காயம். சண்டையை வெறுப்பவள். அரைப் பக்கம், பின்னணி வேண்டாம்." இதற்கு முதலில் இரண்டு மூன்று சின்ன ஸ்கெட்ச் அனுப்ப வேண்டும். ஒன்றைத் தேர்ந்து, "தலை இன்னும் நிமிரட்டும், சுத்தியல் தெரியட்டும்" என்று திருத்தம் சொல்வார்கள். பிறகுதான் வண்ணம். குறித்த தேதி தவறினால் அடுத்த வேலைக்குக் கூப்பிட யோசிப்பார்கள். அடுத்தவர் எழுதிய மனிதரை, அடுத்தவர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்குள் வரைவதுதான் இந்தத் தொழில். இதில் அவளுக்கு மகிழ்ச்சி இருக்கிறதா என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

படங்களுக்கு வருகிறேன். முக்கால்வாசியில் ஒரே இளம் முகம், ஒரே பக்கம் திரும்பி நிற்கிறது. கைகள் போர்வைக்குள்ளோ முதுகுக்குப் பின்னோ ஒளிந்திருக்கின்றன. கை வரையப் பயம் என்று தெரிகிறது. கிழவர் இல்லை, குழந்தை இல்லை, குதிரை இல்லை, இருவர் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றுகூட இல்லை. எல்லாரிடமும் வாள் இருக்கிறது, யாரிடமும் உறை இல்லை. இதே வகையான 'பாத்ஃபைண்டர்' விளையாட்டுக்கு வெய்ன் ரெனால்ட்ஸ் வரைந்த பாத்திரங்களை அவள் நிதானமாகப் பார்க்கட்டும். வார், பை, குப்பி, கயிறு என்று உடம்பெல்லாம் தொங்கும். அந்த ஆள் எப்படி வாழ்கிறான் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு படம் என்னை நிறுத்திவிட்டது. மழையில் நனையும் மந்திரவாதி தன் புத்தகத்தைச் சட்டைக்குள் பொத்தி வைத்திருக்கிறான். அவனுக்கு எது உயிர் என்று எழுத்தே இல்லாமல் புரிகிறது. இப்படிப் பத்து படங்கள் இருந்தால் போதும், மற்ற முப்பதும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. 2023-இல், பாத்ஃபைண்டரை வெளியிடும் பைசோ நிறுவனம் அப்படி உருவான படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு, இன்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், தன் நூல் ஒன்றின் படங்களில் ஓவியர் ஒருவர் அதைப் பயன்படுத்தியது தெரியவந்ததும், ஓவியர்களுக்கான விதிமுறையைத் திருத்தியது. ஆகவே கதவு அடைபடவில்லை. ஆனால் தங்கள் பாத்திரத்துக்கு ஒரு படம் கேட்டு ஆட்டக்காரர்கள் தரும் சின்ன வேலைகள்தான் தொடக்க ஓவியருக்குக் கைகொடுப்பவை. அடி முதலில் அங்கேதான் விழும் என்று நினைக்கிறேன்.

அதனால் பட்டப்படிப்பை விட வேண்டாம். ஓவியம், வடிவமைப்பு, அனிமேஷன், எதுவானாலும் உடற்கூறும் ஒளி நிழலும் ஒழுங்காகக் கற்றுத்தரும் இடமாகப் பாருங்கள். ஆர்ட் டைரக்டர் சான்றிதழ் கேட்கமாட்டார், தேர்ந்தெடுத்த படங்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத்தான் கேட்பார். ஆனால் இந்தத் துறையில் வேலை மெலிந்தால் பக்கத்துத் துறைக்குப் போகப் படிப்பு உதவும். டோனி டிடெர்லிஸி 1990களில் இந்த விளையாட்டு நூல்களுக்கு வரைந்தவர். பிறகு குழந்தைகள் புத்தகத்துக்குப் போய் 2003-இல், குழந்தைகள் படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டிகாட் ஹானர் பெற்றார். ஒப்பந்தம் வரும்போது படத்தின் உரிமை யாருக்கு, போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா, பணம் எப்போது என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மேலே நான் எழுதியதுபோல மூன்று குறிப்புகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒன்றில் கிழவி இருக்கட்டும், ஒன்றில் குதிரை, ஒன்றில் பேரம் பேசும் இரண்டு பேர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். முதல் ஸ்கெட்சை ஒரு தடவையாவது காரணம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அவளுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ஆறு வாரம் கழித்து அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். முடித்த படங்களோடு, கழித்துப் போட்ட ஸ்கெட்சுகளும் எனக்கு வேண்டும்.