லைனில் சிரிக்கலாமா, அதட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பல ஆண்டுகள் டெய்லராக இருந்தேன். சென்ற தீபாவளிக்குப் பிறகு அதே லைனுக்கு, அதாவது தையல் மெஷின் வரிசைக்கு, என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்கு முன்பு இருந்தவர் எந்நேரமும் கத்துவார். நான் சிரிக்கச் சிரிக்கப் பேசியே வேலை வாங்கினேன், நன்றாகத்தான் போனது. ஒரு டெய்லர் தைத்த பீஸ்கள் செக்கிங்கிலிருந்து ‘ஆல்டர்’ என்று, அதாவது திருத்தித் தைக்கச் சொல்லி, அடிக்கடி திரும்பி வரவே, விளையாட்டாக ‘ஆல்டர் அண்ணன்’ என்றேன். இப்போது லைன் முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அடிக்கடி லீவு போடுகிறார். வேறு இருவர், பெண்களின் காதுபட, இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார்கள். கண்டித்தால், ‘நீங்களும்தானே விளையாடுகிறீர்கள்’ என்கிறார்கள். ‘சிரித்துப் பேசினால் பயம் போய்விடும்’ என்கிறார் மேனேஜர். நானும் கத்தத் தொடங்க வேண்டுமா?
– பெயர் வேண்டாத வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம், சகோதரி. மெஷினில் ஊசி ஒடிந்தால் என்ன முறை என்று உங்களுக்குத் தெரியும். துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து ஒப்படைத்த பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு தப்பி ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போய்விட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும். கத்துகிறவர் லைனில் ஒடிந்த ஊசியை மறைக்கத்தான் தோன்றும். உங்கள் லைனில் ‘அக்கா, ஊசி ஒடிந்துவிட்டது’ என்று உடனே கை தூக்குகிறார்களா? அப்படியானால் அது உங்கள் கலகலப்பு சம்பாதித்துக் கொடுத்தது. மேனேஜரிடம் இதையே சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் பட்டப்பெயர் தவறு. இதில் மழுப்ப நான் விரும்பவில்லை. நீங்கள் டெய்லராக இருந்தபோது பக்கத்து மெஷின்காரரைக் கிண்டல் செய்திருந்தால் அவரும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். இன்று அவருடைய லீவும் ஓவர்டைமும் உங்கள் கையில் இருக்கின்றன. அவரால் திருப்பிச் சொல்ல முடியாது. மற்றவர்கள் சிரித்தார்களே என்றால், சூப்பர்வைசர் சொன்னதற்குச் சிரிக்காமல் இருக்க யாருக்குத் துணிவு வரும்? அவர் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவராக இருந்தால், திரும்பி வரும் ஒவ்வொரு பீஸும் அவருடைய கூலியைக் குறைக்கிறது. தன் வயிற்றுப்பாட்டைக் கேலி செய்வதாகவே அவர் நினைத்திருப்பார்.

லைன் ஓடத் தொடங்கும் முன் அவரிடம் தனியாகப் போங்கள். ‘அண்ணா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னித்துவிடுங்கள்.’ அவ்வளவு போதும். ‘விளையாட்டுக்குத்தான் சொன்னேன்’ என்று ஒட்டவைத்தால் மன்னிப்பு கெட்டுவிடும். பிறகு எல்லோர் எதிரிலும் அவர் பெயரோடு அண்ணன் சேர்த்து அழையுங்கள். யாராவது பழைய பெயரைச் சொன்னால் அந்த இடத்திலேயே, ‘அது வேண்டாம், நான் தொடங்கியது தப்பு’ என்று நிறுத்துங்கள். ஆல்டர் வருவது வேறு பிரச்சினை. அதைச் சிரிப்பில்லாமல், திரும்பி வந்த பீஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தையல் எந்த இடத்தில் நழுவுகிறது, நூல் டென்ஷன் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பதைக் கடந்தவர் என்றால் கண் பார்வையைப் பற்றியும் கேளுங்கள். கண்ணாடி போட வேண்டிய கண்ணோடு தைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பும் வெகுளித்தனம்). மேலே இருப்பவர் கைவிட வேண்டியது எள்ளலை மட்டும்தான். அறியாமையில் பிறக்கும் சிரிப்புக்கு நீங்களே இடம் கொடுக்கலாம். ஒடிசா, பீகார் பெண்கள் உங்கள் லைனில் இருந்தால் அவர்களிடம் பண்டில்களை இந்தியில் எண்ணிக் காட்டுங்கள். தப்பாகத்தான் வரும், அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். தமிழில் நீங்கள் அடிக்கும் நகைச்சுவைக்கு மற்றவர்கள் சிரிக்கும்போது, மொழி தெரியாத அந்தப் பெண்கள் தங்களைத்தான் சொல்கிறார்களோ என்று பயந்து உட்கார்ந்திருக்கக்கூடும். இதைச் சூப்பர்வைசர்கள் கவனிப்பதே இல்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

ஷிப்மென்டுக்கு முந்தைய இரவில்தான் உங்கள் பேச்சுக்கு அதிகம் வேலை. பிசிறு நூல் வெட்டாத பீஸ்கள் மலையாகக் குவிந்திருக்கும், எல்லோரும் சோர்ந்திருப்பார்கள். ‘இந்தப் பிசிறை எல்லாம் சேர்த்தால் இன்னொரு ஆர்டரே தைத்துவிடலாம் போலிருக்கிறதே’ என்று சொல்லிவிட்டு, நீங்களும் நூல் வெட்டும் டிரிம்மர் ஒன்றை எடுத்துக்கொண்டு, டெய்லர்களுக்கு உதவும் கைமடிப் பெண்களோடு உட்காருங்கள். உட்காராமல் சொன்னால் அந்தப் பேச்சு எரிச்சலைத்தான் மூட்டும்.

இரட்டை அர்த்தப் பேச்சை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. ‘நீங்களும்தானே’ என்று அவர்கள் கேட்டால், ‘நான் செய்த தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இது வேறு, இனி ஒரு சொல் வரக்கூடாது’ என்று சொல்லுங்கள். அப்போது முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். உங்கள் கம்பெனியில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அந்தப் பெண்களிடம் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவருக்குப் புகார் எழுத உதவுங்கள். சம்பவம் நடந்த 3 மாதத்திற்குள் கொடுக்க வேண்டும் என்பதால், இந்த வாரமே பேசிவிடுவது நல்லது.